சனிக்கிழமை எடுத்த குப்பிகள்

சென்ற மாதம், நான் வேலை பார்த்த கால்நடை ஆய்வுக்கூடத்திலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் கூப்பிட்டாள். புதிதாகச் சேர்ந்தவள். என் எண்ணை யாரோ கொடுத்திருக்கிறார்கள்.

"மேடம், ஒரு நாயோட மலம் வந்திருக்கு. லீவுல யாரும் பாக்கல. ரெண்டு நாளா மேசையிலயே இருந்திருக்கு. இப்ப பாத்தா புழு முட்டை ஒண்ணும் தெரியல. நெகட்டிவ்னு போட்டுடலாமா?"

"போட்டுடாதே" என்று நான் சொன்ன வேகத்தில் அவள் பயந்துவிட்டாள் போலிருக்கிறது. புதிதாக ஒரு மாதிரி வாங்கச் சொல்லி, காரணத்தையும் விளக்கினேன். கேட்டுவிட்டு, "நீங்க எப்பவாவது இதுல மாட்டியிருக்கீங்களா மேடம்?" என்றாள்.

மாட்டியிருக்கிறேன். அவளுக்கு அன்றைக்கு அரைகுறையாகச் சொன்னதை இங்கே முழுதாக எழுதுகிறேன். ஓய்வு பெற்றுப் பல ஆண்டுகள் ஆன பிறகு தன் தவற்றைத் தானே எழுதி வைப்பது அவசியமா என்று ஒரு வாரம் யோசித்தேன். இன்னும்கூட எனக்கு அது முழுக்கத் தெளியவில்லை.

பி.யு.சி. முடித்ததும் ஓராண்டு ஆய்வகப் பயிற்சி. அதைப்பற்றிச் சொல்ல அதிகமில்லை. அங்கே நாங்கள் பார்த்த மாதிரிகள் எல்லாம் ஃபார்மலினில் போட்டு வைத்தவை. எந்த ஆண்டு எடுத்ததோ, யாருக்கும் தெரியாது. எங்களுக்கு முந்தைய அணி பார்த்த அதே முட்டைகளை நாங்களும் பார்த்தோம். புழு முட்டை என்பது எத்தனை நாளானாலும் அப்படியே இருக்கும் ஒரு பொருள் என்று என் மனத்தில் பதிந்துபோனது. யாரும் அப்படிச் சொல்லித் தரவில்லை. நானாக எண்ணிக்கொண்டது.

எழுபதுகளின் பின்பாதியில் திருச்சியில் தற்காலிகப் பணியில் சேர்ந்தேன். கணவர் பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டர். ஸ்ரீரங்கத்தில் வாடகை வீடு. மகள் சுமதிக்கு அப்போது இரண்டரை வயது. காலையில் அவளைத் தெருக்கோடியில் இருந்த பால்வாடியில் விட்டுவிட்டு, பஸ் பிடித்துக் காவிரிப் பாலம் தாண்டி வேலைக்கு வருவேன்.

நாள் முழுவதும் நாய், மாடு, ஆடுகளின் சாணத்திலும் மலத்திலும் புழு முட்டை தேடுகிற வேலை. அதைச் செய்த கையால் குழந்தைக்குச் சோறு ஊட்ட வேண்டுமே என்ற பயம் என்னை ஒரு நாளும் விட்டதில்லை. ஆய்வுக்கூடத்தில் மூன்று முறை சோப்பு போட்டுக் கழுவுவேன். பஸ் இறங்கியதும் தெருக்குழாயில் ஒரு முறை. வீட்டுக்கு வந்து தலைக்கு ஊற்றிக்கொள்ளாமல் அவளைத் தூக்கமாட்டேன். என் கணவர், "நீ குளிச்சு முடிக்கறதுக்குள்ள அவ காலேஜ் போயிடுவா" என்பார்.

எங்கள் தலைவர் டாக்டர் சவரிமுத்து. உயரமானவர், மெதுவாகப் பேசுவார். மனிதர், மிருகம் என்று வேறுபாடு பார்க்காமல் எல்லாரையும் 'வாங்க, போங்க' என்றுதான் சொல்வார். கடிக்கிற நாயைக்கூட, "கொஞ்சம் வாயைத் திறங்க ராஜா" என்று கேட்பார். இதில் ஒரு விசேஷம் உண்டு. கோபம் ஏறஏற அவருடைய மரியாதையும் ஏறும். "தாங்கள் இந்த ஸ்லைடைத் தயவுசெய்து இன்னொரு முறை பார்த்தருள முடியுமா?" என்று கேட்டால், அன்றைக்கு நம் தலை தப்பாது. அட்டெண்டர் காதர் பாய் கதவோரம் நின்று, "இன்னிக்கு 'அருள' வரைக்கும் போயிருச்சும்மா, உஷாரு" என்று எச்சரிப்பார்.

டாக்டருக்கு இன்னொரு பழக்கமும் இருந்தது. நாங்கள் பார்த்து முடித்த ஸ்லைடுகளில் சிலவற்றை மதியத்தில் எடுத்துத் தானும் பார்ப்பார். சரியாக இருந்தால் ஒன்றும் சொல்லமாட்டார். அந்த மௌனத்துக்காகத்தான் நாங்கள் வேலை செய்தோம்.

அந்த ஆண்டு நாய்க்குட்டிகள் நிறையச் செத்தன. பொன்மலை குவார்ட்டர்ஸிலிருந்து துணியில் சுற்றிக் கொண்டுவருவார்கள். ஈறு வெள்ளைக் காகிதம்போல் வெளுத்திருக்கும். கருப்பாகப் பேதி. குடலைத் திறந்தால், விரல் அகலம்கூட நீளமில்லாத புழுக்கள் சுவரைக் கவ்விக்கொண்டு தொங்கும். கொக்கிப்புழு. வாயால் கடித்து ரத்தம் குடிப்பது.

எத்தனை நாய்களுக்கு இது இருக்கிறது, எப்படிப்பட்ட நாய்களுக்கு வருகிறது என்று டாக்டர் ஒரு கணக்கெடுப்புக்கு அனுமதி வாங்கினார். மூன்று இடங்கள்: பொன்மலை, மலைக்கோட்டைக்குக் கீழே உள்ள கடைத்தெருச் சந்துகள், ஸ்ரீரங்கம். ஒவ்வொரு நாய்க்கும் ஒரு படிவம். வயது என்ன, கட்டிப் போடுகிறார்களா, அவிழ்த்து விடுகிறார்களா, படுக்கிற இடம் சிமெண்டா, மண்ணா, பூச்சி மருந்து கொடுத்ததுண்டா, என்ன சாப்பாடு. கணக்கெடுப்பு முடிந்ததும் எந்த இடம் மோசமோ அங்கே நாய்களுக்கு மருந்து கொடுக்க ஏற்பாடு. அதோடு, அந்த இடத்துப் பால்வாடிகளில் குழந்தைகள் விளையாடும் மணலை அள்ளிவிட்டுப் புது மணல் கொட்டிச் சுற்றி வேலி போடுவதாகவும் ஓர் அதிகாரி ஒப்புக்கொண்டிருந்தார். நாய் அசுத்தம் செய்த ஈர மணலில் இந்தப் புழுவின் குஞ்சுகள் இருக்கும். வெறுங்காலில் மிதிக்கிற குழந்தையின் தோலுக்குள்ளும் புகும்.

பொன்மலைக்கும் கடைத்தெருவுக்கும் காதர் பாய் சைக்கிளில் போவார். ஸ்ரீரங்கத்தை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். என் ஊர், எனக்குத் தெரிந்த வீடுகள்.

வேலை இப்படி. காலியான பென்சிலின் குப்பிகளைக் கொதிக்க வைத்து வைத்திருப்போம். அதில் சுண்டைக்காய் அளவு மலம். அதை உப்பு இனிக் கரையாது என்கிற அளவுக்குக் கரைத்த உப்புத் தண்ணீரில் கலக்கி, டீ வடிகட்டியில் வடிகட்டி, சின்னக் கண்ணாடிக் குழாயில் விளிம்புக்கு மேல் தண்ணீர் உப்பி நிற்கும்வரை ஊற்ற வேண்டும். மேலே மெல்லிய கண்ணாடித் தகட்டை மூடிவைத்துக் காத்திருக்க வேண்டும். உப்புத் தண்ணீரில் முட்டை மிதந்து மேலே வந்து தகட்டில் ஒட்டும். தகட்டை ஒரே தூக்காகத் தூக்கி ஸ்லைடில் வைத்தால், மைக்ரோஸ்கோப்பில் அழகாகத் தெரியும். மெல்லிய ஓடு. உள்ளே நாலைந்து உருண்டைகள், மாதுளை முத்துகளை நெருக்கி வைத்த மாதிரி.

இப்போது என் தவறு. வாரநாளில் வீடு வீடாகப் போய்க் குப்பி நிரப்பிவிட்டு, அதே சேலையில் சுமதியைப் பால்வாடிக்குத் தூக்கிப்போக எனக்கு மனம் வரவில்லை. ஆகவே சனிக்கிழமை அரை நாள் வேலை முடிந்ததும் ஸ்ரீரங்கத்துக் குப்பிகள் எல்லாவற்றையும் நிரப்பிவிடுவேன். வீட்டுக்குள் கொண்டுவராமல், பின்பக்கச் சுவரில் ஆணியடித்துத் துணிப்பையில் தொங்கவிடுவேன். பிறகு தலைமுழுகி, ஞாயிறு முழுவதும் குழந்தையோடு. திங்கட்கிழமை காலை பையோடு பஸ் ஏறுவேன். ஒழுங்கான ஏற்பாடு என்று எனக்குப் பெருமைகூட இருந்தது. திங்கட்கிழமை காலையில் கொண்டுவந்ததால், வரும் வழியில் வாங்கி வந்தவை என்று டாக்டர் நினைத்துக்கொண்டார். அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஸ்ரீரங்கத்து நாய்கள் வாராவாரம் சுத்தமாக இருந்தன. பொன்மலையில் ஸ்லைடுக்கு ஸ்லைடு முட்டை, கடைத்தெருவில் அதைவிடக் கொஞ்சம் குறைவு. எங்கள் ஊரில் எப்போதாவது ஒன்று. டாக்டரும் மதியத்தில் எடுத்துப் பார்த்தார். அவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. அந்த மௌனம் எனக்கு மிகவும் இனித்தது.

எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி ரங்கநாயகி மாமி. அவர் வீட்டுக் கொல்லையில் ராணி என்றொரு பெட்டை நாய். குட்டி போட்டிருந்தது. பகல் முழுவதும் பால்வாடிப் பூவரச மர நிழலில், அந்த மணலில்தான் குட்டிகளோடு படுத்திருக்கும். முதல் தடவை குப்பியோடு போனபோதே மாமி சிரித்தார்.

"ஏண்டிம்மா, நம்மாத்து ராணிக்குப் பூச்சியா? அது தயிர்சாதம் தவிர எதையும் மோந்துகூடப் பாக்காது. அசல் வைஷ்ணவ நாய்!"

படிவத்தில் 'தயிர்சாதம்' என்றே எழுதினேன். மாதிரியில் முட்டை இல்லை. மாமிக்குச் சொன்னபோது, "பெருமாள் பிரசாதம் சாப்பிடற ஜீவன், பின்னே?" என்றார். எனக்கும் மகிழ்ச்சி. மற்ற தாய்மார்களுக்கு இல்லாத ஒரு சான்று என்னிடம் இருக்கிறது என்று நினைத்து, சுமதியின் செருப்பைக் கழற்றிவிட்டு அந்த மணலில் விளையாட விட்டேன்.

கணக்கெடுப்பு முடியும் தறுவாயில், ஒரு வியாழக்கிழமை சுமதி பாதத்தைச் சொறிந்துகொண்டே இருந்தாள். பார்த்தேன். உள்ளங்கால் ஓரத்தில் சிவப்பாக, நூல்போல, வளைந்து வளைந்து ஒரு கோடு. தெருமுனை டாக்டர் சொறி என்று களிம்பு கொடுத்தார். எனக்குத் திருப்தியில்லை. வீட்டுக்கு வந்து, கோடு முடிகிற இடத்தில் பால்பாயிண்ட் பேனாவால் ஒரு புள்ளி வைத்தேன்.

மறுநாள் காலை கோடு புள்ளியைத் தாண்டியிருந்தது. இன்னொரு புள்ளி வைத்தேன். சனிக்கிழமை அதையும் தாண்டியிருந்தது.

சொறி ஊர்ந்து போகாது. நாயின் கொக்கிப்புழுக் குஞ்சு மனிதத் தோலுக்குள் வந்தால், மேலே போக வழி தெரியாமல் அங்கேயே சுற்றும் என்று டாக்டர் சவரிமுத்து சொல்லியிருக்கிறார். அவள் வெறுங்காலில் நடந்த இடம் வீட்டுச் சிமெண்டும் பால்வாடி மணலும்தான். அந்த மணலில் படுக்கும் நாய் சுத்தம் என்று எழுதியது நான். இரண்டில் ஒன்று பொய். அன்று மதியம், ராணி பூவரச நிழலில் போட்ட மலத்தை ஒரு குப்பியில் எடுத்து, வழக்கம்போல் பின்சுவர்ப் பையில் போட்டு வைத்தேன்.

திங்கட்கிழமை காலை எல்லாருக்கும் முன்னால் ஆய்வுக்கூடத்துக்குப் போனேன். பையிலிருந்து ராணியின் குப்பியை எடுத்து, உப்புத் தண்ணீர் இல்லாமல், வெறும் தண்ணீரில் ஒரு துளி கலக்கி வைத்துப் பார்த்தேன். முட்டை இல்லை. நெளிந்துகொண்டிருந்தன. கண்ணாடித் துண்டுகள்போல் மெல்லியவை, ஒன்று இரண்டு அல்ல, எங்கே நகர்த்தினாலும். சனி மதியம் முதல் திங்கள் காலைவரை திருச்சி வெயிலில் தொங்கிய குப்பிக்குள் முட்டைகள் எல்லாம் பொரிந்துவிட்டிருந்தன. பொரிந்த குஞ்சுகள் எங்கள் உப்புத் தண்ணீரில் சுருங்கிப்போய்விடும், கண்ணில் படாது. ஆக, எங்கள் ஊர் சுத்தம் என்று நான் எழுதியதெல்லாம் ஒன்றுக்கும் உதவாது.

பட்டியல் ஏற்கெனவே அதிகாரிக்குப் போயிருந்தது. புதன்கிழமை கூட்டம். மருந்தும் மணலும் பொன்மலைக்கு என்று முடிவாகப் போகிறது. என் தற்காலிகப் பணியை நீட்டிக்கலாமா என்ற காகிதமும் அதே வாரம் டாக்டரின் கையெழுத்துக்குக் காத்திருந்தது. மறைத்தால் யாருக்கும் தெரியாது. பொன்மலைக் குட்டிகளுக்கும் மருந்து தேவைதானே, அங்கே போனால் என்ன தப்பு என்று மனம் ஒரு வழி கண்டுபிடித்தது. அந்தப் பால்வாடியில் சுமதியோடு விளையாடுகிற குழந்தைகளின் பெயரெல்லாம் எனக்குத் தெரியும். அதனால் அந்த வழியில் போக முடியவில்லை.

டாக்டர் வந்ததும் ஸ்லைடைக் காட்டினேன். பையை, ஆணியை, சனிக்கிழமையை, குழந்தையின் காலை எல்லாம் சொன்னேன். அவர் நெடுநேரம் லென்ஸிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. 'தாங்கள்' என்று தொடங்குவார் என்று காத்திருந்தேன்.

"உக்காரும்மா" என்றார். 'ங்க' இல்லாமல் அவர் வாயிலிருந்து ஒரு சொல்லை நான் கேட்டதில்லை. "முதல்ல பாப்பாவுக்கு ஒண்ணும் ஆகாது. அந்தப் பூச்சிக்கு மனுஷ உடம்புல வேலையில்ல. சில வாரத்துல தானா அடங்கிடும். பெரியாஸ்பத்திரியில எனக்குத் தெரிஞ்ச தோல் டாக்டர் இருக்கார், இன்னிக்கே கூட்டிட்டுப் போ."

"வேலை..." என்று இழுத்தேன்.

"நீ சொல்றது சரியான்னு பாக்க வேண்டாமா?" என்றார். அதற்குள் அவர் மனம் வேறு இடத்துக்குப் போய்விட்டது.

காதர் பாய் அன்று பொன்மலையிலிருந்து கொண்டுவந்த ஒரு மாதிரியை இரண்டு குப்பிகளில் பிரித்தார். ஒன்றை உடனே உப்புத் தண்ணீரில் பார்த்தோம். முட்டைகள் நிறைந்து கிடந்தன. இன்னொன்றைத் துணிப்பையில் போட்டு, ஆய்வுக்கூடத்தின் பின்சுவரில் ஆணியடித்துத் தொங்கவிடச் சொன்னார் டாக்டர். "மாரியாத்தாவுக்கு நேர்ந்துவிட்ட மாதிரி இருக்கு" என்றார் காதர் பாய். புதன்கிழமை காலை அதை எடுத்து அதே உப்புத் தண்ணீர், அதே தகடு. ஒரு முட்டைகூட இல்லை. வெறும் தண்ணீரில் வைத்தோம். நெளிந்தன.

டாக்டர் படிவத்தை எடுத்துப் பார்த்தார். "நாயோட வயசு கேட்டிருக்கேன், சாப்பாடு கேட்டிருக்கேன். எடுத்த நேரம் என்னன்னு ஒரு கட்டம் போடல பாருங்க" என்றார். மீண்டும் 'ங்க' வந்துவிட்டது. ஆனால் அந்தக் கோபம் என்மேல் அல்ல.

கூட்டத்துக்குக் கோப்பு தூக்கிக்கொண்டு போன காதர் பாய் திரும்பி வந்து சொன்னார்:

"டாக்டர் எந்திரிச்சு, 'ஸ்ரீரங்கத்துக் கணக்கு தப்பு, மறுபடி எடுக்கணும், பத்து நாள் கொடுங்க'ன்னாரு. ஆபீசர், 'யாரு பண்ண தப்பு?'ன்னு கேட்டாரு. 'ஆய்வுக்கூடம்னா நான்தானுங்களே'ன்னு சொல்லிட்டு உக்காந்துட்டாரும்மா."

பத்து நாள் கிடைத்தது. என் கணவர் இரண்டாவது ஷிப்டுக்கு மாற்றிக்கொண்டு, காலையில் சுமதியைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். பால்வாடிக்கு அனுப்பவில்லை; அவர் ஷிப்டுக்குப் போனதும் நான் வரும்வரை பக்கத்து வீட்டில் இருப்பாள். "அவ தலைய நான் பின்னினா கேபிள் முறுக்கின மாதிரி இருக்கும், பரவால்லியா?" என்றார். விடிந்ததும் வீடு வீடாகப் போவேன். குப்பிகளை ஈரத்துணியில் சுற்றி, கிடைத்த முதல் பஸ்ஸில் ஏறுவேன். மூன்றாம் நாள் கண்டக்டர் கேட்டார்.

"என்னம்மா, தெனம் இவ்ளோ பத்திரமா மடியில வச்சிருக்கீங்க? ஊறுகாயா?"

"நாயோட மலங்க, டெஸ்டுக்கு."

அதற்குப் பிறகு அந்த பஸ்ஸில் என் பக்கத்து சீட் எப்போதும் காலியாகவே இருந்தது.

மாமியிடம் மறுபடி போவதுதான் கடினமாக இருந்தது. கதவைப் பாதி திறந்துகொண்டு நின்றார்.

"போன மாசம் நீதானே ஒண்ணுமில்லேன்னே? ஊரெல்லாம் சொல்லிண்டிருக்கேன். இப்போ மறுபடி எதுக்கு?"

"அப்போ நான் பாத்தது தப்பு மாமி. எடுத்து ரெண்டு நாள் வச்சுட்டேன். அதுல முட்டையெல்லாம் பொரிஞ்சு போச்சு. எனக்குத் தெரியல."

"தயிர்சாதத்துல என்னடி முட்டை?"

"தயிர்சாதத்துல இல்ல மாமி, மண்ணுல. படுக்கறப்ப தோல் வழியா ஏறும். குட்டிக்குத் தாய்ப்பால்லயும் வரும்." பிறகு, சொல்லலாமா கூடாதா என்று தயங்கி, சுமதியின் கால் பற்றியும் சொன்னேன்.

மாமி முகம் மாறியது. "குழந்தைக்கா?" என்றார். கொல்லைக் கதவை அகலத் திறந்தார். "எடுத்துண்டு போ. குட்டிகளோடதும் சேத்து எடு."

அந்தப் பத்து நாள் முடிவில் ஸ்ரீரங்கம் பொன்மலைக்குச் சற்றும் குறைந்ததில்லை என்று தெரிந்தது. கட்டங்களைக் கூட்டிப் பார்த்தால் ஊரோ, சாப்பாடோ, ஜாதி நாயா, தெரு நாயா என்பதோ பெரிதாகத் தெரியவில்லை. குட்டிகளுக்கு அதிகம். அவிழ்த்துவிட்ட நாய்களுக்கு அதிகம். ஈர மண்ணில் படுக்கிறவற்றுக்கு அதிகம். பூச்சி மருந்து பார்த்தே இராத நாய்களுக்கு மிக அதிகம். ராணியும் அதன் குட்டிகளும் முதல் வரிசையில் இருந்தன. மருந்தை இரண்டு இடங்களுக்கும் பிரித்தார்கள். மாமி மாத்திரையைத் தயிர்சாதத்திலேயே வைத்துக் கொடுத்தார். குட்டிகள் பிழைத்தன. மாமி பிறகு ராணியைக் கொல்லையிலேயே கட்டிப்போட்டு, தெருவில் நாயை அவிழ்த்துவிடுகிற வீடுகளுக்குப் போய்ச் சண்டையும் போட ஆரம்பித்தார். என் பணி நீட்டிப்புக் காகிதத்தில் டாக்டர் எப்போது கையெழுத்துப் போட்டார் என்றே எனக்குத் தெரியாது. தேதியைப் பார்த்தபோது, அந்தப் புதன்கிழமைக்கு மறுநாள்.

பால்வாடி மணலை அள்ளி, கொள்ளிடத்து மணல் கொட்டி, மூங்கில் வேலி போட்டார்கள். சுமதியின் காலில் கோடு மறைந்து, இரண்டு பேனாப் புள்ளிகளும் எப்போதோ அழிந்திருந்தன. அவளைத் திரும்ப அனுப்பும் முன்னால் புது மணலில் நாலு மூலையிலும் ஒவ்வொரு பிடி எடுத்துக்கொண்டு போய் டாக்டர் மேசையில் வைத்தேன்.

"இதென்னங்க?"

"புது மணல் டாக்டர். இன்னிக்குக் காலையில எடுத்தது."

"இன்னும் எதுக்குத்தான் பயப்படறீங்க?"

"எல்லாத்துக்கும் டாக்டர்."

சிரித்துக்கொண்டே மணலைக் கரைக்கச் சொல்லி, ஒவ்வொரு ஸ்லைடாகத் தானே பார்த்தார். "மணல்தாங்க இருக்கு" என்றார்.

மறுநாள் காலை சுமதியை வேலிக்குள் இறக்கிவிட்டு, ஷூவைக் கழற்றினேன். அவள் கால்விரல்களை மடக்கிக்கொண்டு என் சேலையைப் பிடித்தாள். "மண்ணு வேணாம். பூச்சி" என்றாள். அத்தனை வாரமும் என் வாயிலிருந்து அவள் கேட்டதெல்லாம் அதுதான்.

என் செருப்பைக் கழற்றி வேலிக்கு வெளியே வைத்துவிட்டு, நான் முதலில் மணலில் இறங்கி நடுவில் போய் நின்றேன். குளிர்ந்திருந்தது. அவள் என் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு காலை வைத்தாள். எடுத்தாள். மறுபடி வைத்தாள். பிறகு உட்கார்ந்து இரண்டு கையாலும் அள்ளினாள்.

நான் போகவேண்டிய பஸ் தெருக்கோடியில் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அடுத்த பஸ்ஸில் போனேன். வேலையில் சேர்ந்த பிறகு நான் தாமதமாகப் போன முதல் நாள் அது.